கல்லுக்கு வழிவிடும் கலப்பை

செகந்திராபாத்தின் மாரெட்பள்ளியில் அஸ்திவாரம் தோண்டுபவர்களுக்குப் பாறை புதிதல்ல. பக்கத்துப் பேட்டையின் பெயரே அட்டகுட்டா. குட்டா என்றால் தெலுங்கில் குன்று. ஹைதராபாத் உட்கார்ந்திருக்கும் கருங்கல்லுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். நகரைத் தாண்டி மேட்சல், சித்திப்பேட்டை என்று வடக்கே போனாலும் அது விடுவதில்லை. உள்ளூரில் ‘சல்க்கா’ எனப்படும் செம்மண்ணில் பல இடங்களில் ஒரு சாண் ஆழத்திலேயே கல் காத்திருக்கிறது. நகரத்தில் வேலை பார்த்துக்கொண்டு அந்தப் பக்கம் நிலம் வாங்கியவர்கள் முதல் உழவிலேயே கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்று உண்டு: டிராக்டர் எந்த கம்பெனி என்பதைவிட, பின்னால் மாட்டியிருக்கும் கலப்பையின் ஸ்பிரிங் எப்படி இருக்கிறது என்பது முக்கியம்.

மரக் கலப்பைக்கு ஸ்பிரிங் கிடையாது. தேவையும் இருக்கவில்லை. கொழு கல்லில் மாட்டினால் காளை நின்றுவிடும். உழுபவர் கலப்பையைத் தூக்கி அந்தப் பக்கம் வைப்பார். 45 குதிரைசக்தி டிராக்டருக்கு நிற்கத் தெரியாது. கல் பெயர வேண்டும், அல்லது கொத்து வளைய வேண்டும், அல்லது சட்டம் முறிய வேண்டும். இதில் எது விட்டுக்கொடுப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவைப்பதுதான் ஸ்பிரிங்கின் வேலை. யோசனை பழையது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த டேவிட் கார்வர் 1869லேயே வளைந்த எஃகுப் பற்கள் கொண்ட பரம்புக்குக் காப்புரிமை பெற்றார்.

இந்திய வயல்களில் அதிகம் ஓடுவது ஒன்பது கொத்துக் கலப்பை. ஒவ்வொரு கொத்துக்கும் கனத்த சுருள் ஸ்பிரிங்குகள். கல்லோ வேரோ தட்டினால் கொத்து பின்னுக்குச் சாய்ந்து, தடையைத் தாண்டியதும் பழைய இடத்துக்குத் திரும்பும். ஸ்பிரிங் இல்லாத விறைப்பான கொத்துகளும் உண்டு. அவற்றின் விலை குறைவு. கடினமான மண்ணில் ஆழத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். எனவே கல்லும் வேரும் இல்லாத கரிசலுக்கு விறைப்பான கொத்தே போதும். செம்மண் மேட்டுக்கும், பழைய தோப்பை அழித்த நிலத்துக்கும் ஸ்பிரிங் வேண்டும். கடைக்காரர் எதை அதிகம் விற்கிறார் என்பது இதற்கு அளவுகோல் அல்ல.

பிரச்சினை ஆரம்பிப்பது ஒரு ஸ்பிரிங் ஓய்ந்த பிறகு. எட்டுக் கொத்துகள் ஆறு அங்குலம் இறங்க, ஒன்பதாவது மட்டும் மண்ணைக் கீறிவிட்டுப் போகும். மேலிருந்து பார்த்தால் வயல் ஒரே மாதிரிதான் தெரியும். அந்தப் பட்டையில் வேர் இறங்காமல் பயிர் வாடும்போதுதான் வித்தியாசம் புரியும். கண்டுபிடிக்க எளிய வழி, கலப்பையைச் சிமெண்ட் தரையில் இறக்கிவைத்துப் பார்ப்பது. கொழு முனைகள் எல்லாம் தரையைத் தொட வேண்டும். டிராக்டர் சக்கரத் தடத்தில் போகும் கொழுக்கள் மற்றவற்றைவிடச் சீக்கிரம் தேயும். இரண்டு பக்கமும் முனை உள்ள கொழுவை, தேய்மானம் கொத்தின் காலைத் தொடும் முன்பே திருப்பிப் போட்டுவிட வேண்டும்.

மாற்று ஸ்பிரிங் வாங்கப் போகிறவர், மாரெட்பள்ளியிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ராணிகஞ்ச் கடைகளுக்குப் போனாலும் சரி, கோவைக்குப் போனாலும் சரி, பழையதைக் கையோடு எடுத்துப்போவது நல்லது. ‘அதே சைஸ்’ என்ற வார்த்தையை நம்ப முடியாது. கம்பியின் தடிமன், சுருளின் அகலம், சுற்றுகளின் எண்ணிக்கை, நீளம் ஆகிய நான்கும் பொருந்த வேண்டும். இதில் தடிமன்தான் ராஜா. கம்பி பத்தில் ஒரு பங்கு மெலிந்தால் ஸ்பிரிங்கின் விறைப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத இந்த வித்தியாசத்தை வெர்னியர் காட்டிவிடும். ஒரு கொத்தில் இரண்டு ஸ்பிரிங் இருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புதியதும் பழையதும் ஒரே பாரத்தைச் சமமாகச் சுமப்பதில்லை.

ஒடிந்ததை வெல்டிங் வைத்து ஓட்டுவது கிராமத்துப் பட்டறைகளின் வழக்கம். சாதாரண இரும்புக்கு அது சரி. ஸ்பிரிங் எஃகு, காய்ச்சித் தோய்த்துப் பதம் செய்யப்பட்டது. வெல்டிங் சூட்டில் ஒட்டின் ஓரம் கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை பெறுகிறது. சற்றுத் தள்ளி, பதம் இழந்து இளகுகிறது. அடுத்த முறை ஒட்டுக்குப் பக்கத்திலேயே ஒடியும். தெலங்கானாவில் ஜூன் மழைக்குப் பிறகு ஈரம் நிற்கும் சில நாட்களுக்குள் மானாவாரி விதைப்பை முடித்தாக வேண்டும். அந்த நாட்களில் பட்டறை வாசலில் காத்திருப்பவர் இழப்பது வெல்டிங் கூலியை மட்டுமல்ல.

மாற்றும்போது உயிருக்கும் ஆபத்து உண்டு. ஹைட்ராலிக்கை நம்பித் தூக்கிய கலப்பைக்கு அடியில் யாரும் கையையோ தலையையோ நீட்டக் கூடாது. எஞ்சினை நிறுத்தி, கலப்பைக்குக் கட்டை முட்டுக்கொடுத்த பிறகே ஸ்பேனரைத் தொட வேண்டும். பொருத்தப்பட்ட ஸ்பிரிங்கில் விசை அடங்கியிருக்கிறது. போல்ட்டைச் சட்டென்று கழற்றினால் அது முகத்துக்கு நேராகப் பாயலாம்.

உழவில் ஒடிந்த ஸ்பிரிங் வயலோடு போகும். வைக்கோல் கட்டும் இயந்திரத்தில் அப்படியல்ல. அறுவடை இயந்திரம் போன வயலில் வைக்கோலை அள்ளிச் சுருட்டும் இந்த இயந்திரங்கள் தஞ்சை டெல்டாவிலும் தெலங்கானாவிலும் ஓடுகின்றன. வைக்கோலை வாரி எடுப்பவை அதன் ஸ்பிரிங் பற்கள். ஒடியும் பல் கட்டுக்குள்ளேயே சுருண்டுவிடலாம். மாடு நன்றாக மென்று விழுங்கும் பிராணி அல்ல. உள்ளே போகும் கம்பித்துண்டு தேன்கூடு போன்ற இரண்டாம் இரைப்பையில் தங்கும். அதற்கும் இதயத்துக்கும் நடுவே இருப்பது உதரவிதானம் மட்டுமே. குத்திக்கொண்டு முன்னேறினால் மாடு தீனியெடுக்காது, பால் வற்றும், முதுகைக் கூனி நிற்கும். கம்பி இதயத்தை எட்டிவிட்டால் பெரும்பாலும் பிழைக்காது. முன்னெச்சரிக்கையாகக் கால்நடை மருத்துவர்கள் காந்தத்துண்டு ஒன்றை விழுங்க வைப்பதுண்டு. இரும்பு அதில் ஒட்டிக்கொள்ளும்.

அதைவிட மலிவான முன்னெச்சரிக்கை இயந்திரக்காரர் கையில் இருக்கிறது. வேலை தொடங்கும்போதும் முடிக்கும்போதும் பற்களை எண்ணினால் போதும். ஒன்று குறைந்தால் அந்த வயலின் கட்டுகளைத் தனியே ஒதுக்கி, வைக்கோல் வாங்குபவரிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டும். எண்ணுவதற்கு ஐந்து நிமிடம் ஆகும். சொல்வதற்குத்தான் கொஞ்சம் மனசு வேண்டும்.