ஆஸ்பத்திரியில் எழுதும் முதல் வரி

கமுதி வட்டாரத்தில் சாதியின் பெயரால் அடிபட்ட நம்மவர்கள் பலர், காவல் நிலையத்துக்கும் முன்பாகப் போய்ச் சேரும் இடம் ஆஸ்பத்திரி. ரத்தம் வழிய நிற்பவரிடம், "போலீஸ் கேஸ், முதலில் ஸ்டேஷனுக்குப் போங்க" என்று சொன்னால் அது சட்டவிரோதம். உயிரைக் காப்பதே முதல் கடமை, போலீஸ் நடைமுறை பிறகுதான் என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசு டாக்டர், தனியார் டாக்டர் என்ற பேதம் அதில் இல்லை.

2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள வன்கொடுமைத் தடுப்புத் திருத்தச் சட்டப்படி, பட்டியல் சாதியினரை மருத்துவமனைக்குள் நுழையவிடாமல் தடுப்பதும் குற்றம். தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை.

சிகிச்சை கிடைத்துவிட்டால் மட்டும் போதாது. விபத்துப் பதிவேட்டில் டாக்டர் எழுதும் முதல் வரிதான் நாளை நீதிமன்றத்தில் பேசும். "அடித்தார்கள்" என்று நாம் சொல்ல, "கீழே விழுந்ததாக" என்று பதிவானால் வழக்கு அங்கேயே பலமிழக்கிறது. கொலை வழக்கில் பிரேதப் பரிசோதனைக்குப் பிறகும், ஊனத்துக்கு மருத்துவ அறிக்கைக்குப் பிறகும்தான் அரசு நிவாரணத்தின் முதல் பாதியே கிடைக்கும்.

டாக்டர்களைப் பழிப்பது நம் நோக்கமல்ல. இரவுப் பணியில் தனியாக இருப்பவரை ஊர்ப் பெரிய மனிதர்கள் மிரட்டினால் அவருக்கும் பாதுகாப்பு வேண்டும். ஆட்சியர் தலைமையிலான விழிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு, ஆஸ்பத்திரிப் பதிவுகளையும் ஆராய வேண்டும்.

படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: அடிபட்டவருடன் துணைக்குப் போங்கள். என்ன எழுதினார்கள் என்று கேளுங்கள், பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுத்தால் 14566-ஐ அழையுங்கள். நம் காயத்துக்கு மருந்து எவ்வளவு அவசியமோ, அது எப்படி வந்தது என்ற உண்மை பதிவாவதும் அவ்வளவு அவசியம்.