எட்டில் ஒரு பங்கு: அமெரிக்காவின் எண்ணெய்க் காணிகள் மன்னாருக்குச் சொல்லும் பாடம்

2025 ஜூலை 4 ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் கையெழுத்திட்ட பெரும் வரிச் சட்டம் பற்றி நமது ஊடகங்களிலும் செய்திகள் வந்தன. வரிக் குறைப்பு, மருத்துவ உதவி வெட்டு, குடியேறிகள் மீதான கெடுபிடி என்பவையே அதிகம் பேசப்பட்டன. அதே சட்டத்தின் உள்ளே இருந்த ஒரு சிறிய பகுதி பலரின் கண்ணில் படவில்லை. அரச காணிகளில் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் கம்பனிகள் அரசுக்குக் கொடுக்க வேண்டிய ஆகக் குறைந்த பங்கு, ஆறில் ஒன்றிலிருந்து மீண்டும் எட்டில் ஒன்றாகக் குறைக்கப்பட்டது.

அமெரிக்கக் காணி விவகாரம் நமக்கெதற்கு என்று கேட்கலாம். மன்னார்ப் படுகையில், கடலடியில் எரிவாயு இருப்பது 2011 இல் தோண்டிய கிணறுகளில் தெரியவந்தது. அதை வெளியே எடுப்பதற்கான உடன்படிக்கை என்றைக்கோ ஒரு நாள் எழுதப்படத்தான் போகிறது. பிறர் நூறு வருடங்களாகப் பட்டு அறிந்ததை நாம் படித்து அறிந்துகொண்டால் நட்டமில்லை.

அமெரிக்க மத்திய அரசின் நில முகாமைத்துவப் பணியகம் சுமார் 245 மில்லியன் ஏக்கர் காணியை நிர்வகிக்கிறது. நிலத்தடிக் கனிய உரிமையைச் சேர்த்தால் அது சுமார் 700 மில்லியன் ஏக்கர். இவற்றைக் கம்பனிகளுக்குக் குத்தகைக்கு விடும் முறையை 1920 ஆம் ஆண்டின் கனியக் குத்தகைச் சட்டம் உருவாக்கியது. எடுக்கும் எண்ணெயின் பெறுமதியில் குறைந்தது 12.5 வீதம், அதாவது எட்டில் ஒரு பங்கு, ரோயல்டியாக அரசுக்கு வர வேண்டும் என்றது அச்சட்டம்.

சட்டம் வந்து இரண்டு வருடங்களில் ஊழலும் வந்தது. உள்துறைச் செயலாளராக இருந்த ஆல்பர்ட் ஃபோல், கடற்படைக்காக ஒதுக்கப்பட்டிருந்த டீபொட் டோம் எண்ணெய் வயலை ஏலம் விடாமலேயே தனியாருக்குக் குத்தகைக்குக் கொடுத்தார். இலஞ்சம் வாங்கியது நிரூபணமாகிச் சிறை சென்றார். பதவிக் காலத்தில் செய்த குற்றத்துக்காகச் சிறை சென்ற முதலாவது அமெரிக்க அமைச்சர் அவர்தான்.

ஆனால் அந்த நாட்டு மக்களுக்கு நீண்ட காலம் நட்டத்தைக் கொடுத்தது இலஞ்சம் அல்ல. மாற்றாமல் விட்ட இலக்கங்கள். எட்டில் ஒன்று என்ற வீதம் 102 வருடங்கள் அப்படியே இருந்தது. டெக்சாஸ் மாநிலம் தனது அரச காணிகளுக்கு 25 வீதம் வரை வாங்கிக்கொண்டிருந்த காலத்திலும் மத்திய அரசு பழைய கணக்கிலேயே நின்றது. ஏலத்தில் எவரும் கேட்காத காணியைப் போட்டியின்றி எடுத்துக்கொள்ளவும் வழி இருந்தது. ஏக்கருக்கு வருடம் ஒன்றரை டொலர் வாடகையைக் கட்டிவிட்டு, தோண்டாமலேயே பல வருடங்கள் காணியை முடக்கி வைத்தவர்களும் உண்டு.

இதைவிடப் பாரதூரமானது பிணைத்தொகை. எண்ணெய் முடிந்த பின் கிணற்றை மூடி நிலத்தைச் சீர்செய்யாமல் கம்பனி கைவிட்டால், அச்செலவுக்காக முன்கூட்டியே கட்ட வேண்டிய பணம் அது. ஒரு குத்தகைக்கு 10,000 டொலர் என்று 1960 இல் வைத்தார்கள். 2024 வரை அதே தொகைதான். ஒரேயொரு கிணற்றை மூடவே பல பத்தாயிரம் டொலர் தேவைப்படும் காலத்தில், வங்குரோத்தாகும் கம்பனிக்கு 10,000 டொலரை விட்டுவிட்டுப் போவது இலாபம். அப்படிக் கைவிடப்பட்ட கிணறுகளை மூடுவதற்கு 2021 இல் அமெரிக்க கொங்கிரஸ் 4.7 பில்லியன் டொலரை ஒதுக்கியது. இலாபம் கம்பனிக்குப் போனது, செலவு பொதுமக்களின் வரிப்பணத்தில் விழுந்தது.

பைடன் அரசாங்கத்தில் இவை திருத்தப்பட்டன. 2022 ஓகஸ்ட் சட்டம் ரோயல்டியை 16.67 வீதமாக உயர்த்தியது; ஆகக் குறைந்த ஏலத் தொகையை ஏக்கருக்கு 2 டொலரிலிருந்து 10 டொலராக்கியது; போட்டியில்லாக் குத்தகையை நிறுத்தியது. 2024 ஏப்ரலில் வந்த விதிகள் குத்தகைக்கான பிணைத்தொகையை 150,000 டொலராக்கின. ஆனால் புதிய ரோயல்டி வீதம் புதிய குத்தகைகளுக்கு மட்டுமே. ஏற்கனவே எழுதிக் கொடுத்த குத்தகைகளில் எட்டில் ஒன்றே தொடர்ந்தது. மூன்று வருடம் முடிவதற்குள் ரோயல்டி உயர்வும் நீக்கப்பட்டது, போட்டியில்லாக் குத்தகையும் திரும்பி வந்தது.

கம்பனிகளின் பக்கத்திலும் ஒரு வாதம் இருக்கிறது. பங்கைக் கூட்டினால் முதலீடு வேறிடம் போகும், சிறிய கம்பனிகள் தாக்குப்பிடிக்காது என்கிறார்கள். இதை முற்றாக ஒதுக்க முடியாது. மன்னாரில் எரிவாயுவைக் கண்டுபிடித்த கெயார்ன் நிறுவனமே 2015 இல் வெளியேறியது. பொருளாதாரம் விழுந்து எழும்பும் ஒரு நாடு பேரம் பேசும்போது அதன் கை தாழ்ந்தே இருக்கும்.

அதற்காகத்தான் நிபந்தனைகளை முதலிலேயே யோசிக்க வேண்டும். வீதம் குறைவாகத் தொடங்கினாலும், விலையும் உற்பத்தியும் உயரும்போது அரசின் பங்கும் உயரும்படி எழுதலாம். பிணைத்தொகையைச் சில வருடங்களுக்கு ஒருமுறை மீளாய்வு செய்ய வேண்டும் என்று எழுதலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்து விழும் வரைதான் நாட்டின் கை மேலே. அதன் பிறகு இழப்பீடு, வழக்கு, நடுத்தீர்ப்பு என்று எல்லாமே மக்களின் செலவு.

நமது மார்க்க மரபிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. அப்யழ் இப்னு ஹம்மால் (ரழி) அவர்கள் யெமனின் மஃரிப் பகுதி உப்பைத் தமக்கு ஒதுக்கித் தருமாறு கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் கொடுத்தார்கள். அது வற்றாத நீரைப் போல எல்லோரும் இலகுவாக எடுக்கக்கூடிய வளம் என்பதைச் சபையில் இருந்த ஒருவர் எடுத்துச் சொன்னதும், அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அபூதாவூத், திர்மிதி ஆகிய கிரந்தங்களில் இச்சம்பவம் பதிவாகியுள்ளது. கடலடி எரிவாயு அள்ளி எடுக்கும் உப்பு அல்ல. வெளிப்படையான கனியத்தையும் மறைந்திருக்கும் கனியத்தையும் பிக்ஹ் அறிஞர்கள் வேறுபடுத்தியே பேசியிருக்கிறார்கள். ஆனாலும் சபையில் ஒருவர் பேச முடிந்தது, பேசியது கேட்கப்பட்டது, பொது வளம் பொதுவாகவே நின்றது. நாம் எடுக்க வேண்டிய படிப்பினை அங்கேதான் இருக்கிறது.

அந்தச் சபை நமக்கு எப்போதும் கிடைப்பதில்லை. 1990 இல் வெளியேற்றப்பட்டு, யுத்தம் முடிந்து முசலிக்குத் திரும்பிய மக்களுக்கு இது நன்கு தெரியும். மாவில்லு வனப் பிரதேசம் 2017 மார்ச்சில் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட பிறகே, தங்கள் பூர்வீகக் காணிகளும் அதற்குள் போய்விட்டதாகக் கூறி மரிச்சுக்கட்டியில் அவர்கள் நாட்கணக்கில் அமர்ந்து போராடினார்கள். காடு காக்கப்பட வேண்டும் என்பதில் எவருக்கும் மறுப்பில்லை. கோடு போடுவதற்கு முன் அங்கே வாழ்பவர்களைக் கேட்டிருக்க வேண்டும் என்பதே அவர்களின் முறைப்பாடு.

கடல் விடயத்தில் அது திரும்பவும் நடக்கக் கூடாது. 2021 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க பெற்றோலிய வளங்கள் சட்டத்தின் கீழ் இத்துறைக்கென ஓர் அதிகாரசபை இயங்குகிறது. நமது பாராளுமன்ற உறுப்பினர்களும் மீனவர் சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் அதனிடம் இப்போதே நான்கு கேள்விகளைக் கேட்கலாம். உடன்படிக்கையின் நகல் கையெழுத்துக்கு முன் மூன்று மொழிகளிலும் வெளியிடப்படுமா? கிணற்றை மூடுவதற்கான பிணைத்தொகை எவ்வளவு, அது எப்போது மீளாய்வு செய்யப்படும்? தொழில் பாதிக்கப்பட்டால் எருக்கலம்பிட்டியிலும் சிலாவத்துறையிலும் கற்பிட்டியிலும் உள்ள மீனவருக்கு யார் ஈடு கொடுப்பது? வருமானத்தில் மாவட்டத்துக்கு என்ன பங்கு?

கடைசிக் கேள்வி பேராசை அல்ல. அமெரிக்காவில் இவ்வாறான தரைக் குத்தகை வருமானத்தில் ஏறத்தாழ அரைவாசி, எண்ணெய் எடுக்கப்படும் மாநிலத்துக்கே திரும்பிப் போகிறது. அதுவும் அதே 1920 ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் இருக்கிறது. எழுதும்போது கேட்டவர்களுக்குக் கிடைத்தது.