கடலுக்கு அப்பால் நடப்பது

யாழ்ப்பாணத்துத் தேத்தண்ணிக் கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும். தமிழகத்தில் யார் யாரோடு கூட்டணி, எந்த நடிகர் கட்சி தொடங்குகிறார் என்பதெல்லாம் காதில் விழும். சென்னையின் தேர்தல் முடிவுகளை அங்கே தம் ஊர் முடிவுகளைப் போலவே கவனிக்கிறார்கள்.

நாம் அப்படிக் கவனிக்கிறோமா? மீனவர் கைதும் கச்சத்தீவும் செய்தியாகும்போது மட்டுமே இலங்கை நம் நினைவுக்கு வருகிறது. 2024 செப்டம்பரில் அங்கு நடந்த அதிபர் தேர்தலில் எவருக்கும் பாதிக்கு மேல் வாக்கு கிடைக்கவில்லை. அந்நாட்டு வரலாற்றில் முதல் முறையாக விருப்பு வாக்குகளை எண்ணித்தான் அநுர குமார திசாநாயக்க வென்றார். நவம்பரில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் அவருடைய தேசிய மக்கள் சக்தி கட்சி 225 இடங்களில் 159ஐப் பிடித்தது. யாழ்ப்பாண மாவட்டத்திலும் தமிழ்க் கட்சிகளை முந்தி அதுவே முதலிடம். தமிழ் வாக்காளர் ஏன் இப்படி வாக்களித்தார்கள் என்ற கேள்வி இங்கே பெரிதாக எழவேயில்லை. இது நமக்குப் பெருமையல்ல.

நாம் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. இலங்கையின் வடக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. ஆண்டுகள் பல உருண்டும் புதிய தேர்தல் நடக்காமல், ஆளுநரே நிர்வாகத்தை நடத்திவந்தார். இலங்கையின் மாகாண சபைகள் 1987இல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் வழியே பிறந்தவை. எனவே தேர்தல் ஏன் நடக்கவில்லை என்று கேட்கும் கடமை இந்தியாவுக்கு உண்டு. தமிழக எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் இதை விடாமல் எழுப்ப வேண்டும்.