பெயரிலே தொடங்கும் பறிப்பு

தமிழ்ப் பெற்றோரே,

வடக்குக் கிழக்கிற்கு வெளியே பிறந்த தன் மகளுக்குக் கயல்விழி என்று பெயரிட்டார் ஒரு தந்தை. பதிவுக் கந்தோரில் அவருக்குக் கிடைத்ததோ சிங்களத்தில் மட்டும் எழுதிய பிறப்புச் சான்றிதழ். சிங்கள அரிச்சுவடியில் ழகரம் இல்லை. அதனைப் பார்த்துத் தமிழில் எழுதியவர் 'கயல்விலி' என்றார். பாடசாலை இடாப்பும் அதனையே ஏற்றது. பிள்ளை தன் பெயரைச் சரியாக எழுதியபோது, சான்றிதழில் உள்ளபடி எழுது என்று திருத்தப்பட்டாள்!

எழுத்துப் பிழைதானே என்பார் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. பிள்ளை தனதென்று முதலில் அறிவது தன் பெயரை. அடுத்துத் தாயின் மொழியை. இவ்விரண்டும் கந்தோர் வாயிலிற் செல்லாக் காசென்று ஐந்து வயதிலே கற்ற பிள்ளை எங்ஙனம் நிமிர்ந்து நிற்கும்? கன்றைப் பெயர்த்து நடும் கமக்காரன் வேரோடு தாய்மண்ணையும் சேர்த்தெடுப்பான். அவன் அறிந்ததை அரசாங்கம் அறியாதா?

சட்டம் இல்லையா? உண்டு. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் இழைத்த அநீதியை ஒருவாறு ஒப்புக்கொண்டு, 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்றது. 1988இல் வந்த பதினாறாம் திருத்தத்தின்படி, சிங்களம் நிர்வாக மொழியாகவுள்ள இடங்களிலும் தமக்கு வழங்கப்படும் பத்திரத்தையோ அதன் மொழிபெயர்ப்பையோ தமிழிற் பெற எவர்க்கும் உரிமையுண்டு. 1991இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 8ஆம் உறுப்புரை, பெயர் உள்ளிட்ட பிள்ளையின் அடையாளத்தைக் காக்கப் பணிக்கிறது. 29ஆம் உறுப்புரையோ, கல்வி பிள்ளையின் ஆளுமையை முழுமையாக வளர்க்கவும் அதன் மொழிக்கும் பண்பாட்டிற்கும் மதிப்பூட்டவும் வேண்டுமென்கிறது. எனினும், கந்தோர் மேசையில் இவையாவும் ஏட்டுச் சுரைக்காயே!

அரசாங்கத்தை மட்டும் ஏசிவிட்டு நாம் தப்பலாமா? தமிழில் வினவும் மகனுக்கு ஆங்கிலத்திலே விடை கூறிப் பெருமை கொள்ளும் உத்தியோகத்தர் எத்தனை பேர்? "படியாவிட்டால் மண்வெட்டிதான் பிடிப்பாய்" என்று தம் தொழிலையே பிள்ளைக்குப் பூச்சாண்டியாகக் காட்டும் கமக்காரர் எத்தனை பேர்? ஆங்கிலம் கற்பதையோ, அயலவரின் சிங்களம் கற்பதையோ நாம் எதிர்க்கவில்லை. தன்னை இகழக் கற்பிப்பதையே எதிர்க்கின்றோம். பெற்றோர் வெட்கப்படும் மொழியைப் பிள்ளை மதிக்காது, பதிவாளர் மதிப்பாரா?

ஆகவே கேளுங்கள். சான்றிதழை வாசித்தறியாமற் கந்தோரை விட்டு வெளியேறாதீர்கள். தமிழிற் கேளுங்கள். மறுத்தால், மறுத்தவரின் பதவி, இடம், திகதி ஆகியவற்றைக் குறித்து, 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிற்கு எழுத்திலே முறையிடுங்கள். ஒருவர் முறையிட்டால் கோப்பில் உறங்கும். ஊரே முறையிட்டால் உறங்காது.

1961இல் கச்சேரி வாயில்களிற் சத்தியாக்கிரகம் இருந்தோரின் பேரப்பிள்ளைகள் நாம். அவர்கள் மொழிக்காக வெயிலில் அமர்ந்தார்கள். நாம் நம் பிள்ளையின் ஓர் எழுத்துக்காகக் கந்தோர் வாங்கிலே ஒரு மணிநேரம் அமரமாட்டோமா?