விசேஷத்துக்கு வெள்ளவத்தைதானா?

"விசேஷ நாளில் கௌரவமாக மரக்கறிச் சாப்பாடு சாப்பிடக் கொழும்பு வெள்ளவத்தைக்குத்தான் போகவேண்டும், ராகலைப் பக்கம் வழியில்லை" என்பதை நான் ஏற்கமாட்டேன். பக்கத்துக் கந்தப்பளையில் பழைய ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலையே 1996 முதல் பெரிய ஹோட்டலாக இருக்கிறது. லீக்ஸ், கரட், கோவா, போஞ்சி எல்லாம் சுற்றுவட்டாரத்திலேயே விளைகின்றன. தேங்காய்ப்பாலில் வைத்த போஞ்சிக் கறிக்கு நெய்யும் வேண்டாம், தயிரும் வேண்டாம். நாம் வாய் திறந்து கேட்பதில்லை, அதுதான் குறை. முதல் நாளே தொலைபேசியில் சொல்லிவையுங்கள். மாசிக் கருவாடு வேண்டாம் என்பதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். சம்பலில் இடிபட்டுக் கிடக்கும் அதைப் பலர் மீனாகவே எண்ணுவதில்லை. வெறும் ஃபிரைட் ரைஸை நீட்டினால் ஏற்காதீர்கள். காலமெல்லாம் கொழுந்து பறித்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த அம்மாவின் அறுபதாம் பிறந்தநாளுக்கு அவரை மணிக்கணக்கில் பஸ்ஸில் உலுக்கிக் கொழும்புக்குக் கொண்டுபோவது என்ன மரியாதை?