நம்ம ஊர்ச் செய்தியை யார் சொல்வது?

குட்டீஸ், ஒரு கேள்வி! முத்தையாபுரத்தில் ஒரு தெருவில் குடிநீர்க் குழாய் உடைந்து, நான்கு நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். இந்தச் செய்தி டில்லி டி.வி.யில் வருமா? வராது. சென்னைப் பதிப்பில் வருமா? அதிலும் வராது. தூத்துக்குடி செய்திகள் வரும் உள்ளூர்ப் பக்கத்தில்தான் வரும். அதை மாநகராட்சி அதிகாரி படிப்பார், கவுன்சிலரும் படிப்பார். பிறகு என்ன, குழாயைச் சரிசெய்ய ஆட்கள் வந்து நிற்பார்கள்!

இப்படி ஊர்ச் செய்தி சொல்லும் பத்திரிகைகள் அமெரிக்காவில் வேகமாக மறைந்து வருகின்றன. 2005-ல் அங்கே 8,800-க்கும் அதிகமான பத்திரிகைகள் இருந்தன. 2024-க்குள் அவற்றில் 3,200-க்கும் மேற்பட்டவை மூடப்பட்டுவிட்டன. அதாவது, மூன்றில் ஒன்று காலி! நமக்கு மாவட்டம் போல அங்கே 'கவுண்டி' உண்டு. 200-க்கும் அதிகமான கவுண்டிகளில் உள்ளூர்ச் செய்தி தர ஒருவரும் இல்லை. இந்த இடங்களுக்குச் 'செய்திப் பாலைவனம்' என்று பெயர்.

ஏன் இந்த நிலை? ஒரு நாளிதழை அச்சடிக்க ஆகும் செலவு, நாம் கொடுக்கும் விலையைவிட அதிகம். மீதியை விளம்பரம்தான் ஈடுகட்டும். 'வீடு வாடகைக்கு', 'வேலைக்கு ஆள் தேவை' போன்ற வரி விளம்பரங்கள் எல்லாம் இணையத்துக்குப் போய்விட்டன. வருமானம் குறைந்தது, நிருபர்கள் வேலை இழந்தார்கள், பத்திரிகைகள் மூடப்பட்டன.

போனால் போகட்டும் என்று விட முடியுமா? முடியாது! பத்திரிகை மூடப்பட்ட ஊர்களில் ஆய்வாளர்கள் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். அந்த ஊர் நிர்வாகங்கள் கடன் வாங்கும்போது அதிக வட்டி கட்ட வேண்டி வந்ததாம். கணக்கைக் கேட்க ஆள் இல்லாத ஊரை நம்பிக் கடன் கொடுக்கப் பயம்தானே! அந்த வட்டியைக் கட்டுவது யார்? ஊர் மக்கள்தான்.

இப்போது நம் பக்கத்துக் கதைக்கு வருவோம். முதல் தமிழ் நாளிதழான 'சுதேசமித்திரன்' சென்னையில் இருந்து வந்தது. 1882-ல் வார இதழாகத் தொடங்கி, 1899-ல் நாளிதழ் ஆனது. சென்னையில் அச்சாகும் பத்திரிகை ரயிலேறித் தென்கோடிக்கு வந்து சேரும்போது செய்தி பழையதாகிவிடும். தமிழும் கொஞ்சம் கடினமாக இருக்கும்.

திருச்செந்தூர் பக்கம் உள்ள காயாமொழியில் பிறந்தவர் சி.பா. ஆதித்தனார். இங்கிலாந்தில் சட்டம் படித்தவர். அவர் 1942-ல் மதுரையில் 'தினத்தந்தி'யைத் தொடங்கினார். எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் புரியும் எளிய தமிழ், சின்னச் சின்ன வாக்கியங்கள். டீக்கடை பெஞ்சிலேயே பலர் படிக்கப் பழகினார்கள்! டி.வி. ராமசுப்பையர் 1951-ல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய 'தினமலர்', 1957-ல் திருநெல்வேலிக்கு வந்தது. தெற்கத்தி மக்களின் செய்தி தெற்கிலேயே அச்சானது.

இதன் அருமை எப்போது தெரியும்? ஆபத்து நேரத்தில்! 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழை நினைவிருக்கிறதா? காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. 'தென் மாவட்டங்களில் வெள்ளம்' என்ற ஒரு வரி, தூரத்தில் இருப்பவர்களுக்குப் போதும். நமக்கு எந்தச் சாலை துண்டிக்கப்பட்டது, எங்கே முகாம், எப்போது கரண்ட் வரும் என்று தெரிய வேண்டுமே!

'அதற்குத்தான் வாட்ஸ்அப் இருக்கிறதே' என்கிறீர்களா? அதில் வேகம் உண்டு. ஆனால், 'குளம் உடைந்துவிட்டது' என்று யார் வேண்டுமானாலும் கிளப்பி விடலாம். பொய் என்றால் பதில் சொல்ல ஆள் இருக்காது. நிருபரோ நேரில் போய்ப் பார்க்க வேண்டும்; அதிகாரியிடம் கேட்க வேண்டும். தவறு வந்தால், மறுநாள் திருத்தம் போட வேண்டும்.

நம் நாட்டிலும் செல்போனில் செய்தி படிப்பவர்கள் பெருகிவிட்டார்கள். காகிதமோ, செல்போனோ, எதில் வந்தாலும் சரி. ஊருக்குள் அலைந்து விசாரிக்கும் நிருபர் இருக்க வேண்டும். அதுதான் முக்கியம்.

நாளைக் காலை உள்ளூர்ப் பக்கத்தைப் புரட்டுங்கள். உங்கள் ஊர்ச் செய்தி ஒன்றாவது இருக்கிறதா? இல்லையா? அப்படியானால் உங்கள் தெருப் பிரச்னையை நேரில் பார்த்து, நாலு பேரிடம் விசாரித்து, ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். உங்கள் ஊருக்கு ஒரு குட்டி நிருபர் ரெடி!