உரசுது டயர்! உறங்குவது யார்?

காசிமேட்டில் விடிகாலை மீன் ஏலம் முடிந்ததும் வண்டிகள் கிளம்புகின்றன. முக்கால் டன் ஏற்றலாம் என்று கம்பெனி சொன்ன குட்டி யானையில் மீன் கூடையும் ஐஸ் பெட்டியும் மலைபோல ஏறுகின்றன. கல்மண்டபம் பக்கம் வளைந்து திரும்பும்போது பின்னாலிருந்து "கர்ர்ர்" என்று ஒரு சத்தம். கூடவே ரப்பர் கருகும் வாடை.

டிரைவருக்கு இது பழகிய சத்தம்தான். டயர் மட்கார்டில் உரசுகிறது.

பட்டறை வாசலில் வண்டியை நிறுத்துகிறார். "தட்டி வுடுண்ணே, லோடு கெட்டுடும்" என்கிறார். டிங்கர் சுத்தியை எடுத்து மட்கார்டு ஓரத்தை மடக்கி அடிக்கிறார். பத்து நிமிஷ வேலை. சத்தம் நின்றுவிடுகிறது. டயரை கீழே தள்ளாமல் பாரத்தை தாங்கவேண்டிய பட்டை மட்டும் முறிந்தபடியே கிடக்கிறது.

வடசென்னையில் தினமும் நடக்கிற கூத்து இது. உரசல் என்பது வண்டி கொடுக்கும் புகார். புகாரை விசாரிக்காமல் புகார் கொடுத்தவன் வாயை அடைத்து அனுப்பும் வேலையைத்தான் சுத்தி செய்கிறது.

டயர் ஏன் உரசுகிறது? பாதிக்கு மேல் காரணம் பாரம். மிச்சம் ஸ்பிரிங். பட்டைகளில் ஒன்று முறிந்தால் அந்தப் பக்கம் வண்டி சாய்ந்து உட்காரும். பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் அறுந்தால் அச்சே நகர்ந்து, ஒரு டயர் முன்னுக்கும் மற்றொன்று பின்னுக்கும் போய்விடும். மீன் வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். மேலிருந்து ஒழுகும் உப்புத் தண்ணீர் பட்டையை அரிக்கிறது. கடல் காற்று மட்கார்டை அரிக்கிறது. துருப்பிடித்துக் கிழிந்த தகரம் கத்தி மாதிரி டயரைச் சீவுகிறது.

டயரின் தரையில் படும் பாகம் தடிமனானது, தாங்கும். பக்கவாட்டு அப்படி அல்ல. அங்கே ரப்பர் மெலிசு, அதற்குள்ளேயே நூல். உரசினால் சூடேறும், வெட்டு விழும். ஒருநாள் முழு லோடுடன் போகும்போது வெடிக்கும். முன் டயர் வெடித்தால் வண்டி எந்தப் பக்கம் இழுக்கும் என்று கண்டக்டர் விசில் கொடுத்துச் சொல்லமாட்டார். பக்கத்தில் டூவீலரில் வேலைக்குப் போகிற மனுஷன் தலையில்தான் விடியும்.

சட்டம் இதைச் சொல்லாமல் விடவில்லை. 1989ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 94வது விதி தெளிவாகவே இருக்கிறது. தேய்ந்தோ வெட்டுப்பட்டோ நூல் வெளியே தெரிந்தால் அந்த டயர் ஆபத்தானது. ஒரு இடத்தில் உப்பியிருந்தாலும் ஆபத்தானது. அதை மாட்டிக்கொண்டு ரோட்டுக்கு வரக்கூடாது. ஆனால் எப்.சி. காட்டப் போகும் அன்று மட்டும் நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டும் சாமர்த்தியம் யாருக்குத் தெரியாது?

இதில் ஒரு வேடிக்கை. இந்தியாவில் டயருக்கும் லாரிக்கும் பேர்போன ஊர் இதுதான். 1946ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய மெட்ராஸ் ரப்பர் பேக்டரி, 1961ல் அதே ஊரில் டயர் செய்ய ஆரம்பித்தது. எண்ணூரில் 1948லேயே அசோக் மோட்டார்ஸ் வந்துவிட்டது. அது பின்னால் அசோக் லேலண்டு ஆனது. டயரும் இங்கே, அது ஓடும் வண்டியும் இங்கே. ரெண்டும் ஒன்றை ஒன்று தின்பதும் இங்கேதான்.

ரோட்டுக்கு வருவோம். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் மைல் கணக்கில் நின்ற கதை ஊருக்கே தெரியும். ரோட்டை அகலப்படுத்தும் வேலை வருஷக்கணக்கில் இழுத்தது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையை மெட்ரோ ரெயிலுக்காகத் தோண்டினார்கள். 2021 பிப்ரவரியில் விம்கோ நகருக்கு ரெயில் வந்தது, நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு மழைக்கும் பள்ளம் மறுபடி வாயைத் திறக்கிறது. லோடுடன் பள்ளத்தில் இறங்கினால் பட்டை முழுக்க மடங்கி, டயர் மேலே ஏறி மட்கார்டை முட்டும்.

"ரோடு சரியில்லை, அதனால்தான் பட்டை முறியுது" என்கிறார்கள் லாரிக்காரர்கள். "ஓவர் லோடு ஏத்துறான், அதனால்தான் ரோடு கெடுது" என்கிறார்கள் அதிகாரிகள். இரண்டு பேர் சொல்வதும் நிஜம்தான். அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை லாரிகளை ராப்பகலாக ஓட்டிப் பார்த்து ஒரு கணக்குப் போட்டார்கள். அச்சின் மேல் பாரம் இரண்டு மடங்கானால் ரோட்டுக்குச் சேதம் சுமார் 16 மடங்கு! ரெண்டு லாரி சரக்கை ஒரே லாரியில் ஏற்றி ஒரு நடை மிச்சம் பிடித்தவர், அந்த மிச்சத்தை ஊர் ரோட்டின் தலையில் எழுதிவிட்டுப் போகிறார்.

இத்தனைக்கும் சர்க்கார் 2018ல் தாராளமாக விட்டுக்கொடுத்தது. மூன்று அச்சு லாரி மொத்தம் 25 டன் என்று இருந்ததை 28.5 டன்னாக உயர்த்தியது. பழைய வண்டி, பழைய பட்டை, புதுப் பாரம்! 2019ல் அபராதத்தையும் ஏற்றினார்கள். அளவுக்கு மேல் பாரம் ஏற்றினால் 20 ஆயிரம் ரூபாய், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலே 2 ஆயிரம். ஓட்டுகிறவருக்கு மட்டுமல்ல, ஓட்டச் செய்தவருக்கும் ஓட்ட அனுமதித்தவருக்கும் அந்தத் தண்டனை உண்டு என்கிறது சட்டம். நடப்பது என்ன? வழியில் மடக்கினால் லைசென்சை நீட்டுவது டிரைவர்தான். சரக்கு ஏற்றிய ஆசாமி ஆபீசில் காபி குடித்துக்கொண்டிருப்பார்.

எடை தெரியாது என்று யாரும் சொல்லமுடியாது. 2016 ஜூலை 1 முதல் உலகம் முழுவதும் ஒரு விதி இருக்கிறது. ஏற்றுமதி கன்டெய்னர் ஒவ்வொன்றுக்கும் சரியான எடையைக் காட்டும் சான்று இல்லாவிட்டால் கப்பலில் ஏற்றமாட்டார்கள். கப்பல் கவிழக்கூடாது என்பதற்காக அந்தக் கணக்கு. கப்பலைக் காப்பாற்றும் சீட்டு எர்ணாவூர் ரோட்டையும் கொஞ்சம் காப்பாற்றட்டுமே! சரக்கு ஏற்றும் யார்டு வாசலிலேயே அந்தச் சீட்டைப் பார்த்து, லாரி தாங்கும் பாரத்துக்கு மேல் போனால் வெளியே விடாமல் நிறுத்தினால் பாதித் தொல்லை தீரும். நடுரோட்டில் மடக்கி, டிராபிக் ஜாம் ஆக்கி, ஆளுக்கு ஆள் பேரம் பேசவேண்டியதில்லை.

இது லாரிக்காரர் கதை மட்டும் அல்ல. தண்டையார்பேட்டை குமாஸ்தா கடன் வாங்கி வாங்கிய பழைய காரும் உரசும். குடும்பம் ஆறு பேர் ஏறினால் பின்னால் உட்காரும். சிலருக்கு அகலமான டயர் மோகம். புதுப்பேட்டையில் பெரிய வீல் வாங்கி மாட்டிக்கொண்டு, ஸ்டியரிங்கைத் திருப்பினால் சத்தம் வருது என்று புலம்புகிறார்கள். கம்பெனி சொன்ன அளவை மீறி வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. அது வேறு பஞ்சாயத்து.

உரசுவது எது என்று கண்டுபிடிக்க பெரிய படிப்பு வேண்டாம். மட்கார்டு உள் ஓரத்தில் சாக்குக்கட்டியைத் தேய்த்துவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் உரசல். சமதரையில் நிறுத்தி, தரையிலிருந்து மட்கார்டு வரை இரண்டு பக்கமும் டேப்பால் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் ஸ்பிரிங் போய்விட்டது. திருப்பும்போது மட்டும் சத்தம் என்றால் வீல் அளவையும் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பையும் பாருங்கள். வெள்ளத்தில் ஓட்டிய காரில் அந்த மறைப்பின் கிளிப் கழன்று தொங்கும். அது சில்லறைச் செலவு. அதற்கும் சுத்தி எடுக்கும் பட்டறைகள் உண்டு!

"ரெண்டு பட்டை கூடப் போட்டுடுறேன் சார், இன்னும் ஒரு டன் ஏத்தலாம்" என்பார் சில மெக்கானிக். நம்பாதீர்கள். பட்டை தாங்கும், பிரேக் தாங்காது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்குள் எக்ஸ்பிரஸ் ரோட்டுப் பள்ளங்களை மூடும் வேலையை நெடுஞ்சாலைத் துறை முடிக்கவேண்டும். எப்.சி. கேட்டு வரும் வண்டியின் மட்கார்டுக்கு அடியில் ஆர்.டி.ஓ. ஆபீசார் டார்ச் அடித்துப் பார்க்கவேண்டும். ஓரம் மடிந்திருந்தால், ஏன் மடிந்தது என்று ஒரு கேள்வி கேட்கவேண்டும். யார்டு வாசலில் எடைச் சீட்டு கேட்கும் உத்தரவை போடவேண்டியது போக்குவரத்துத் துறையும் துறைமுகமும் சேர்ந்து. மழைக்கு முன் போடுவார்களா, பார்ப்போம்.